தொழுவத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கும் வெள்ளிக்கால் ஈ

பூச்சி அண்ணாச்சி பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பூச்சியைப் பற்றித்தான், மணல் ஈ. அது பரப்புகிற காய்ச்சலைப் பற்றி மலையாளப் பத்திரிகைகளில் 'கரிம்பனி' என்று அவ்வப்போது செய்தி வருகிறது, நம் பக்கம் அதைக் காலா அசார் என்றும் கருங்காய்ச்சல் என்றும் சொல்வார்கள். அதைப் படித்துவிட்டு ஆரியங்காவிலிருந்தும் புளியரையிலிருந்தும் தென்மலையிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். சுகாதாரத் துறையில் பூச்சி பிடிக்கிற வேலையிலேயே என் சர்வீஸ் முழுக்கப் போனது. டார்ச் லைட்டும் உறிஞ்சு குழாயுமாகத் தொழுவம் தொழுவமாக ஏறி இறங்கியவன் என்பதால் பூச்சியைப் பற்றி உரிமையோடு சொல்வேன். நோய்க்கான மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

*

கேள்வி: அண்ணாச்சி, சாயங்காலம் தொழுவத்தில் பால் கறக்கும்போது கொசுவைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று கடிக்கிறது. சத்தமே கேட்பதில்லை, சுருக்கென்று குத்திய பிறகுதான் தெரிகிறது. இதுதான் மணல் ஈ என்கிறான் என் மருமகன். மணலே இல்லாத எங்கள் ஊரில் மணல் ஈ எங்கிருந்து வரும்? (வாசகி, புளியரை)

பதில்: மருமகன் சொல்வது சரியாக இருக்கலாம், தங்கச்சி. பெயரை வைத்துக் கடற்கரையில் தேட வேண்டாம், அதன் உடம்பு நிறம்தான் மணல் நிறம். இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும், உடம்பு முழுக்க முடி. உட்காரும் விதத்தைப் பார்த்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். கொசு சிறகை முதுகோடு சேர்த்து மடித்துக்கொள்ளும். இது இரண்டு சிறகையும் மேலே தூக்கி விரித்தபடி உட்கார்ந்திருக்கும். நேராகப் பறந்து வரத் தெரியாது, சுவரில் தத்தித் தத்தித்தான் நகரும். அந்தத் தத்தலைப் பார்த்துவிட்டால் அப்புறம் எந்தச் சுவரிலும் அடையாளம் தெரியும்.

கொசுவுக்குத் தண்ணீர் வேண்டும், இதற்கு வேண்டாம். பலருக்கு இது தெரியாததால்தான் வாளியைக் கவிழ்த்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். மணல் ஈ முட்டை போடுவது ஈரமும் மக்கின குப்பையும் உள்ள மண்ணில். தொழுவத் தரையின் ஓரம், சாணம் கலந்த மண், சுவர் வெடிப்பு, எருக்குழியின் கரை, மரத்தின் வேர் இடுக்கு, புற்று, இதெல்லாம் அதற்குத் தொட்டில். முட்டையிலிருந்து வரும் புழு அந்த மக்கலைத் தின்று, கூட்டுப்புழுவாகி, ஈயாக ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். பகல் முழுக்க இருட்டான மூலையில் இருக்கும், பொழுது சாய்ந்த பிறகு வெளியே வரும், விடியும் வரை கடிக்கும்.

நம் பக்கத்துத் தொழுவங்களில் நான் அதிகம் பிடித்தது 'பிளிபோடோமஸ் அர்ஜென்டிபெஸ்' என்ற இனம். அந்தப் பெயருக்கு வெள்ளிக்கால் என்று அர்த்தம். மாட்டு ரத்தம் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம், மனிதனையும் விடாது. இந்தியாவில் காலா அசாரைப் பரப்புகிற ஈ இதுதான். பயந்துவிடாதீர்கள், உங்கள் தொழுவத்தில் ஈ இருக்கிறது என்பதால் நோயும் இருக்கிறது என்று ஆகிவிடாது. அந்த விவரம் அடுத்த கேள்வியில் வருகிறது.

*

கேள்வி: வணக்கம் சார். வகுப்பில் மலேரியா பாடம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், மணல் ஈ கடித்தால் உடனே நோய் வந்துவிடுமா? எல்லா மணல் ஈயும் பரப்புமா?" என்று கேட்டான். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஈயின் வயிற்றுக்குள் என்னதான் நடக்கிறது? (பள்ளி ஆசிரியை, ஆரியங்காவு)

பதில்: டீச்சர், அந்தப் பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவன் கேட்டிருப்பது பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எந்த மணல் ஈயும் பிறக்கும்போதே இந்தக் கிருமியோடு பிறப்பதில்லை. ஆண் ஈ கடிப்பதே கிடையாது. செடிச் சாறும், அசுவினி கழிக்கிற இனிப்பு நீரும்தான் அதன் சாப்பாடு. பெண் ஈக்கும் அன்றாடச் சாப்பாடு அதுதான், முட்டை வளர வேண்டும் என்கிறபோது மட்டும் ரத்தம் தேடும். அப்படித் தேடிப் போகிறபோது ஏற்கெனவே நோய் உள்ள ஒருவரைக் கடித்தால்தான் கதையே தொடங்குகிறது. அந்த மனிதரின் வெள்ளை அணுக்களுக்குள் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி, வால் எதுவும் வெளியே தெரியாமல் உருண்டையாக அசையாமல் கிடக்கும். அளவு சொல்ல வேண்டும் என்றால், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டு போட்டால் அதில் மூன்று நான்கு துண்டு நீளம்.

ரத்தத்தோடு அது ஈயின் குடலுக்குப் போகிறது. மனித உடம்பின் சூடு இப்போது இல்லை, சுற்றியிருந்த புளிப்பும் குறைந்துவிட்டது. அந்த மாற்றத்தை வைத்தே தான் இடம் மாறிவிட்டது அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு நாளுக்குள் உடம்பு நீண்டு, முன்பக்கம் சாட்டை போல ஒரு இழை முளைத்து, நீந்துகிற உருவத்துக்கு வந்து, இரண்டாகவும் நான்காகவும் பெருகும். ஆனால் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. குடித்த ரத்தத்தைச் சுற்றி ஈ தன் குடலிலிருந்தே ஒரு மெல்லிய சவ்வுப் பையை உண்டாக்கிவிடும், ஒட்டுண்ணி அந்தப் பைக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தைக் கரைக்க வரும் சீரண நீர் அங்கேயே நிறையப் பேரைத் தீர்த்துக்கட்டும். மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் பை கிழிகிறது. அப்போது வெளியே வந்து குடல் சுவரைப் பிடித்துக்கொண்டது பிழைக்கும். பிடிக்க முடியாததை மிச்ச ரத்தத்தோடு ஈ வெளியே கழித்துவிடும்.

இந்தப் பிடியில்தான் பெரிய சங்கதி இருக்கிறது. ஒட்டுண்ணியின் மேலே ஒரு சர்க்கரைப் பூச்சு உண்டு, அது அந்த ஈயின் குடலுக்கு ஒத்துப்போக வேண்டும். 'பிளிபோடோமஸ் பாப்பட்டாசி' என்று இன்னொரு மணல் ஈ இருக்கிறது, அதன் குடலில் 'லீஷ்மேனியா மேஜர்' என்ற வகை மட்டும்தான் நிலைக்கும், காலா அசாருக்குக் காரணமான 'லீஷ்மேனியா டொனோவானி' பிடி கிடைக்காமல் வெளியே போய்விடும். நம் வெள்ளிக்கால் ஈயின் குடல் அப்படிப் பார்த்துப் பார்த்துத் தள்ளுவதில்லை, டொனோவானிக்கும் அங்கே இடம் உண்டு.

பிடித்துக்கொண்ட ஒட்டுண்ணி அங்கேயும் சும்மா இருக்காது. மெல்ல மெல்லக் குடலின் முன்பக்கம், ஈயின் தொண்டை வாசலை நோக்கி நகரும். அங்கே ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஒரு கொழகொழப்பைச் சுரந்து வழியை அடைக்கும், வாசலில் இருக்கிற வால்வையும் அரித்துக் கெடுக்கும். இதற்கிடையில் அதில் ஒரு பகுதி மெலிந்து, வேகமாக நீந்துகிற, மனித உடம்புக்குள் போகத் தயாரான கடைசி உருவத்துக்கு மாறும். இவ்வளவும் முடிய ஒரு வாரம் ஆகும். இப்போது அந்த ஈக்குப் பசிக்கிறது, அடுத்த ரத்தத்துக்கு ஒரு ஆளைக் குத்துகிறது, தொண்டை அடைத்திருப்பதால் ரத்தம் ஏறவில்லை. மறுபடி குத்துகிறது, இழுத்துப் பார்க்கிறது, உள்ளே இருப்பது எதுக்களித்து வெளியே வருகிறது, கொழகொழப்பும் ஒட்டுண்ணியும் சேர்ந்து கடிவாய்க்குள் இறங்கிவிடும். பல கடிகளில் இறங்குவது சில நூறுதான், சில ஈக்கள் ஆயிரக்கணக்கில் இறக்கிவிடும். தனக்கு அடுத்த வீடு கிடைப்பதற்காக இந்த ஒட்டுண்ணி ஈயைச் சரியாகச் சாப்பிடவே விடுவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். மணல் ஈக்களில் பெரும்பாலானவை முட்டை போடும் சமயத்திலோ அதற்கு முன்போ செத்துவிடும். அந்த ஒரு வாரத்தைத் தாண்டி, பல்லிக்கும் எறும்புக்கும் தப்பி, இரண்டாவது மூன்றாவது தடவையாக ரத்தம் குடிக்க வருகிற கிழட்டு ஈயால்தான் நோயைக் கொடுக்க முடியும். நோய் பரவியிருக்கிற ஊரில்கூட நூறு ஈயை அறுத்துப் பார்த்தால் ஒட்டுண்ணி உள்ளது ஒன்றிரண்டு கிடைப்பதே அதிகம். ஆனால் பிழைத்து வந்த ஈயைக் குறைத்து எடைபோடக் கூடாது. 2018-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி இன்னொன்றைக் காட்டியது. இரண்டாவதாகக் குடிப்பது நோய் இல்லாத ஆளின் சுத்தமான ரத்தமாக இருந்தாலும், அது உள்ளே போனதும் கடைசி உருவத்துக்கு வந்துவிட்ட ஒட்டுண்ணிகள் பின்னோக்கி மாறி, மறுபடி பெருகிவிடுகின்றன. அப்படி ஒவ்வொரு ரத்தத்துக்கும் அந்த ஈயின் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

கடித்த உடனே நோய் வராது. காலா அசார் வெளியே தெரிய இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம், அதைவிடத் தாமதமாகவும் வரலாம். உள்ளே போனதை உடம்பே அடக்கிவிட்டு, ஒன்றும் இல்லாமல் போகிறவர்களும் நிறைய.

*

கேள்வி: நர்சிங் படிக்கிறேன் அண்ணாச்சி. 'டொனோவானி' என்ற பெயர் ஒரு மெட்ராஸ் டாக்டருடையது என்று எங்கள் மேடம் சொன்னார். உண்மையா? (மாணவி, தென்காசி)

பதில்: உண்மைதான் மகளே. சார்லஸ் டொனோவன் என்ற ஐரிஷ் டாக்டர் அப்போது மெட்ராஸில் இருந்தார். காய்ச்சலோடு மண்ணீரல் வீங்கி இறந்தவர்களையெல்லாம் மலேரியா என்றே எழுதிவந்த காலம் அது. 1903-ல் அப்படிப்பட்டவர்களின் மண்ணீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது மலேரியாக் கிருமி கிடையாது என்று அவர் சொன்னார். அதே வருடம் சில வாரங்களுக்கு முன்னால், கல்கத்தா பக்கம் டம்டம்மில் காய்ச்சல் பிடித்துத் தாய்நாடு திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் கண்ட இதே உருவத்தைப் பற்றி வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டர் எழுதியிருந்தார். ரொனால்டு ராஸ் இரண்டு பேரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டொனோவானி' என்று பெயர் வைத்தார்.

கிருமி தெரிந்துவிட்டது, அதைக் கொண்டுவருவது யார் என்பதுதான் ரொம்ப நாள் பிடிபடவில்லை. மூட்டைப்பூச்சி மேல்கூடச் சந்தேகப்பட்டார்கள். 1924-ல் கல்கத்தாவில் வெள்ளிக்கால் ஈயின் வயிற்றில் நீந்துகிற ஒட்டுண்ணியைப் பார்த்தும், ஈ கடித்து மனிதனுக்கு நோய் வந்ததாகக் காட்ட முடியவில்லை. ரத்தம் குடித்த ஈயைக் கூண்டில் வைத்தால் சீக்கிரம் செத்துப்போகும், இல்லாவிட்டால் ஒட்டுண்ணி தொண்டை வரை வராது. 1940 வாக்கில் ஸ்மித், ஹால்தர், அகமத் என்ற மூன்று பேர் முதல் ரத்தத்துக்குப் பிறகு ஈக்களுக்கு உலர் திராட்சையைக் கொடுத்துப் பார்த்தார்கள். காட்டில் அது குடிக்கிற செடிச் சாற்றுக்குப் பதிலாக! ஈ பிழைத்தது, ஒட்டுண்ணி தொண்டை அடைக்கப் பெருகியது. அந்த வழியைப் பிடித்துக்கொண்டு சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அசாமில் தாங்களே முன்வந்த ஐந்து பேரை அந்த ஈக்களைக் கடிக்க வைத்து, ஐந்து பேருக்கும் நோய் வந்ததை 1942-ல் எழுதினார்கள். உடம்பைக் கொடுத்த அந்த ஐந்து பேரின் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இல்லை, அது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

*

கேள்வி: அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் குளத்துப்புழை பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறார். நான்கு மாதமாக முழங்கைக்குக் கீழே ஒரு புண். வலி இல்லை, அதனால் அவர் கண்டுகொள்வதும் இல்லை. நடுவில் குழி, சுற்றிலும் விளிம்பு தடித்திருக்கிறது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டோம், ஒரு கிளினிக்கில் ஆயின்மென்ட் கொடுத்தார்கள், ஆறவில்லை. மணல் ஈப் புண்ணாக இருக்குமோ? (வாசகி, செங்கோட்டை)

பதில்: கடிதத்தை வைத்து இதுதான் என்று சொல்ல மாட்டேன் தங்கச்சி, சொல்லவும் கூடாது. ஆனால் வலி இல்லை என்பதற்காக விட்டுவைக்க வேண்டாம். வலிக்காமல், ஆறாமல், மாதக்கணக்கில் நிற்கிற புண் எதுவாக இருந்தாலும் அதைச் சும்மா விடக் கூடாது. தொழுநோயாக இருக்கலாம், தோலில் வரும் காசநோயாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், சர்க்கரைப் புண்ணாகவும் இருக்கலாம். லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் வரும் லீஷ்மேனியாசிஸும் அந்தப் பட்டியலில் உண்டு.

இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் அகத்தியமலைக் காட்டுக்குள் குடியிருக்கிற காணிக்காரப் பழங்குடி மக்களிடம் இந்தத் தோல் வகை நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. கிருமியைச் சோதித்தபோதுதான் ஆச்சரியம். வடக்கே மண்ணீரலை வீங்க வைத்து ஆளைக் கொல்கிற அதே டொனோவானி, இங்கே தோலோடு நின்று புண்ணையும் கட்டியையும் உண்டாக்கியிருந்தது. இலங்கையிலும் இதே கதைதான், அங்கேயும் டொனோவானி பெரும்பாலும் தோலில்தான் வருகிறது. அந்த மலைதான் நம் பாபநாசத்துக்கும் பின்னால் நிற்கிறது. பால் வெட்டுகிறவர்கள் விடியலுக்கு முன்னால் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, கை கால் மூடாமல், மரத்தடியில் நிற்கிறார்கள். ஈ கடிக்கிற நேரமும் இடமும் அதுதான்.

செய்ய வேண்டியது இது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ எது தோதோ அங்கே, தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஒரு நாள் சம்பளம் போகும் என்று அவர் சொல்வார், விடாதீர்கள். புண்ணின் விளிம்பில் லேசாகச் சுரண்டியோ துளி சதை எடுத்தோ மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், இருந்தால் தெரிந்துவிடும், மருந்து உண்டு. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்தத் தோட்டத்தில் வேலை, எத்தனை மணிக்குப் போகிறார், இரவில் அங்கே தங்குகிறாரா, எந்த மாதம் புண் தொடங்கியது. சமவெளி டாக்டர் பலர் வாழ்நாளில் இந்த நோயைப் பார்த்திருக்க மாட்டார்கள், அது அவர்கள் குற்றம் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர் என்ற ஒரு வார்த்தை அவர்கள் யோசனையைத் திருப்பிவிடும். நான் வேலையில் இருந்தபோது ஒரு கிழவர் இப்படிப்பட்ட புண்ணுக்கு ஒன்றரை வருடம் வெறும் களிம்பு போட்டுக்கொண்டிருந்தார், எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அப்புறம் ஒன்று, சுண்ணாம்பை இனி வைக்காதீர்கள். சுற்றியுள்ள நல்ல தோலும் வெந்து, சோதனைக்கு எடுக்க இடமில்லாமல் போய்விடும்.

*

கேள்வி: காலா அசார் பீகார் நோய்தானே? எங்கள் ஊர் செங்கல் சூளையிலும் கேரளாவில் எல்லாத் தோட்டத்திலும் வடக்கத்திப் பையன்கள்தான் இப்போது வேலை செய்கிறார்கள். அவர்களை ஊருக்குள் தங்கவிடாமல் இருந்தாலே போதாதா? (வாசகர், கடையநல்லூர்)

பதில்: போதாது, அது நியாயமும் இல்லை. அகத்தியமலையில் நோய் வந்த காணிக்காரர்கள் பீகாருக்குப் போனவர்களும் இல்லை, அவர்கள் குடியிருப்பில் சூளை வேலை நடக்கவும் இல்லை. ஈ இங்கேயே இருக்கிறது, ஒட்டுண்ணியும் மலையில் இருக்கிறது. அந்தப் பகுதி நாய்களிடம்கூட டொனோவானி இருந்தது தெரியவந்திருக்கிறது.

நீங்கள் கேட்பதில் ஒரு பாதி உண்மை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம், இந்த நான்கு மாநிலங்களில்தான் சமீப காலமாக நோய் வேரூன்றி இருந்தது. 1992-ல் மட்டும் நாட்டில் எழுபத்தேழாயிரம் பேருக்கு வந்து, ஆயிரத்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இன்றைக்கு வருடத்துக்கு ஆயிரம் பேருக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பக்கத்து வங்கதேசம் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் நோயை ஒழித்துவிட்டதாக 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. எப்படி இறங்கியது? நோயாளியைத் தேடிப் போய், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பட்டையில் வைத்துச் சோதித்து, உடனே மருந்து கொடுத்ததால். இப்போது ஆம்போடெரிசின் மருந்தைக் கொழுப்புத் துளிக்குள் வைத்து ஒரே தடவையில் நரம்பு வழியாக ஏற்றிவிடுகிறார்கள், ஒரு மாதம் ஊசி போட்டுக்கொண்டு கிடந்த காலம் போய்விட்டது.

கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. காய்ச்சல் குணமானவர்களில் சிலருக்கு ஓரிரு வருடம் கழித்து முகத்திலும் கையிலும் வெளிறிய தேமலும் சின்னக் கட்டிகளும் வரும். அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்காது, வேலைக்குப் போவார் வருவார். ஆனால் அந்தத் தோலில் ஒட்டுண்ணி இருக்கிறது, மணல் ஈ அதைக் குடித்துவிட முடியும். அப்படிப்பட்ட ஒரு பையன் உங்கள் சூளையில் இருந்தால், ஊரை விட்டுத் துரத்தினால் அவன் அடுத்த ஊர்க் கொட்டகையில் படுப்பான், தேமலை முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் மூன்று மாத மாத்திரையில் தீர்ந்துவிடும். வீட்டை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, நம் வீட்டுக்குச் செங்கல் அறுக்கிற பிள்ளை அவன். நம் பிள்ளைகளும் திருவனந்தபுரத்திலும் வளைகுடாவிலும் இப்படித்தான் கொட்டகையில் படுத்திருக்கிறார்கள்.

*

கேள்வி: நிலவேம்புக் கஷாயம் குடித்தால் கரிம்பனி வராமல் தடுக்குமா? (தென்மலை)

பதில்: தடுக்காது, வந்த பிறகு குடித்தால் குணமாக்கவும் செய்யாது. இரண்டு வாரத்தைத் தாண்டின காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே வயிறு கனத்து வீங்குவது, உடம்பு இளைப்பது, ரத்தம் குறைவது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் காலா அசாருக்கும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து கொடுக்காமல் விட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

*

கேள்வி: தடுப்பூசி உண்டா? (பாவூர்சத்திரம்)

பதில்: மனிதர்களுக்கு இன்னும் வரவில்லை.

*

கேள்வி: 2003-ல் ஆந்திராவில் குழந்தைகள் இறந்த மூளைக் காய்ச்சலும் மணல் ஈயால்தான் வந்தது என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? (வாசகர், சித்தூர்)

பதில்: ஒன்று இல்லை. அது சாந்திபுரா என்ற வைரஸ், மகாராஷ்டிராவில் 1965-ல் முதலில் கண்ட ஊரின் பெயர். பரப்புவது மணல் ஈதான். 2003-ல் ஆந்திராவில் 329 குழந்தைகளுக்கு வந்து 183 பேர் இறந்தார்கள். காலா அசார் மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும், இது ஒரே நாளில், சில சமயம் சில மணி நேரத்தில், காய்ச்சல், வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று போய்விடும். குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால் எந்தப் பூச்சி என்று யோசிக்க நேரமில்லை, ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடுங்கள்.

*

கேள்வி: பஞ்சாயத்தில் புகை வண்டி அனுப்பச் சொல்லி மனு கொடுக்கலாமா? வலை கட்டினால் போதுமா? நாங்கள் செய்யக்கூடியது என்ன? (சுயஉதவிக் குழு, கற்குடி)

பதில்: தெருவில் புகை அடிப்பதால் இந்த ஈக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, அது அந்த நேரம் சுவர் வெடிப்புக்குள் இருக்கும். மனு கொடுப்பதானால் சுவரில் மருந்து தெளிக்கச் சொல்லிக் கொடுங்கள். ரத்தம் குடித்த ஈயால் உடனே தூரம் போக முடியாது, பக்கத்துச் சுவரில் போய் உட்கார்ந்து மூன்று நான்கு நாள் சீரணித்துக்கொண்டிருக்கும். டீச்சருக்குச் சொன்ன அந்த ஒரு வாரக் கணக்கு நினைவிருக்கிறதா, ஒட்டுண்ணி தயாராவதற்குள் ஈயைக் கொல்ல நமக்குக் கிடைக்கிற இடம் அந்தச் சுவர்தான். அதனால் வீட்டுக்குள்ளும் தொழுவத்திலும் ஆள் உயரத்துக்குச் சுவர் முழுக்க, மூலை விடாமல் அடிக்க வேண்டும். சாமி படம் இருக்கிறது, அரிசி மூட்டை இருக்கிறது என்று பாதிச் சுவரில் நிறுத்தச் சொன்னால் ஈ அந்த மிச்சத்தில்தான் போய் உட்காரும். முன்னே டி.டி.டி. அடித்தார்கள், பீகாரில் ஈக்கள் அதற்குப் பழகிவிட்டதால் இப்போது பைரித்ராய்டு வகை மருந்துக்கு மாறிவிட்டார்கள்.

சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக இந்த ஈ நுழைந்துவிடும். நெருக்கமான கண் உள்ள வலையில் வேர்த்துக் கொட்டும், அதனால் மருந்து தோய்த்த வலை தேவலை. ஆனால் வலை கொடுத்துவிட்டால் ஊரே தப்பித்துவிடும் என்று நினைக்க முடியவில்லை. இந்தியாவிலும் நேபாளத்திலும் கிராமம் கிராமமாக மருந்து வலை கொடுத்துச் செய்த பெரிய ஆராய்ச்சியில் நோய் பெரிதாகக் குறையவில்லை. ஆள் வலைக்குள் போவதற்கு முன்பே, திண்ணையிலும் தொழுவத்திலும் இருக்கும்போதே கடி வாங்கிவிடுகிறார். மின்விசிறியும் உதவும், காற்று வேகமாக அடிக்கிற இடத்தில் இந்த ஈயால் சரியாகப் பறக்க முடியாது. தரையில் படுக்கிறவர்கள் கட்டிலுக்கு மாறினால் நல்லது.

குழுவாகச் செய்வதென்றால் தொழுவத்தில் தொடங்குங்கள். சுவர் வெடிப்பை அடைத்துக் காரை பூசுங்கள், சாணத்தை அன்றன்றைக்கு அள்ளித் தள்ளி இருக்கிற குழிக்குக் கொண்டுபோங்கள், மாட்டு மூத்திரம் தேங்காமல் தரைக்குச் சரிவு கொடுங்கள். புதிதாகத் தொழுவம் கட்டுகிறவர்கள் படுக்கிற அறையின் சுவரையே தொழுவத்துக்கும் சுவராக வைக்க வேண்டாம், இடம் இல்லை என்பது தெரியும், நாலடி தள்ளினாலும் நல்லதுதான். மாட்டை விற்றுவிட வேண்டுமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். மாட்டுக்கு இந்த நோய் வந்து நமக்குப் பரவுவதாக நம் நாட்டில் காணவில்லை.

*

கேள்வி: தாத்தா, எங்க தொழுவத்துல இருக்கிறது மணல் ஈதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? பிடிச்சு உங்களுக்கு அனுப்பட்டுமா? (ஏழாம் வகுப்பு மாணவன், கேசவபுரம்)

பதில்: எனக்கு வேண்டாம் கண்ணு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து சுகாதார ஆய்வாளரிடம் கொடு. கையால் பிடித்தால் நசுங்கிவிடும், அதனால் ஒரு தாளில் ஆமணக்கெண்ணெயை மெல்லிசாகத் தடவிச் சாயங்காலம் தொழுவத்துச் சுவரில், வெடிப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிடு. நாங்களும் வேலையில் அப்படித்தான் பிடித்தோம். காலையில் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய்ப் பார், ஒட்டியிருப்பதை மெல்லிய தூரிகையால் எடுத்து ஒரு சின்ன மாத்திரை டப்பாவில் போடு. நீ முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். டப்பாவுக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டி, எந்த ஊர், எந்தச் சுவர், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுது. பேனாவில் எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும்.